பாட்டே இல்லாத படம்

“அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க, தம்பி?”

“கணக்கே இல்ல, சார்” என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னால் இருந்த பரிசோதனை அறை அது. விளக்கை அணைத்திருந்தார்கள், எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மூக்கின் மேல் கனமான ஃபிரேமோடு அவன் உட்கார்ந்திருக்க, கடைக்காரர் அதில் லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார்.

அவன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அவருடைய மகளைப் பெண் கேட்டு வந்திருந்தான். ஆளைத் தனியாக உட்கார வைத்துப் பேச அந்த நாற்காலியைவிட நல்ல இடம் கிடையாது என்பது கடைக்காரரின் கட்சி.

முந்தின நாளே அவள் அவனை எச்சரித்திருந்தாள். “எங்கப்பாகிட்ட எதை வேணா பேசு. அந்தப் படத்தைப் பத்திக் கேட்டா மட்டும் உளறிடாதே. எங்க வீட்டுல அதுதான் வேதம். அம்மாவுக்கும் பிடிச்ச படம், அப்பாவுக்கும் பிடிச்ச படம்னுதான் ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆச்சு!”

“உலகமே கொண்டாடுற படமாச்சே. யாருக்குத்தான் பிடிக்காது?” என்றான் அவன், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

“கல்யாண நாளானா ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்பாங்க. அப்பா கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டுத்தான் உட்காருவாரு. அழுறது யாருக்கும் தெரியக் கூடாதாம்!”

“உன்னைக் கேட்டு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்கன்னியே, அவங்க?”

“ஒருத்தர் அந்தப் படத்தைப் பத்திப் புத்தகமே எழுதினவரு. இன்னொருத்தருக்கு வசனம் மொத்தமும் தலைகீழ்ப் பாடம். ரெண்டு பேரும் அந்த ரூமுக்குள்ள போன வேகத்துல திரும்பி வந்தாங்க. சரிப்பட்டு வராதுன்னு அப்பா ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு.”

புத்தகம் எழுதியவனே தேறவில்லை என்றால், ஸ்பானரும் கையுமாக அலைகிற இவன் எந்த மூலைக்கு?

“இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?” கடைக்காரர் லென்ஸை மாற்றினார்.

“ரெண்டாவது, சார்.”

“சரி. அந்தப் படத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

இதற்கென்று அவள் சொல்லிக் கொடுத்த நாலு வரியும் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டன. படம் என்றால் எது நன்றாக இருக்கும்? சட்டென்று வாயில் வந்ததை விட்டான்.

“பாட்டு, சார்! அதுவும் அந்தக் கடைசிப் பாட்டு இருக்கே, கேட்கும்போதெல்லாம் உடம்பே சிலிர்க்கும்!”

கடைக்காரரின் கை அப்படியே நின்றது.

“தம்பி, அதுல பாட்டே கிடையாது. பாட்டே இல்லாம ஜெயிச்ச படம்னு என் வீட்டுக்காரி கடைக்கு வர்ற ஒருத்தரையும் விடாம சொல்லுவா.”

அவன் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல விழித்தான். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

“மன்னிச்சிடுங்க, சார். நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல. பார்க்கலாம்னு கணக்கில்லாம உட்கார்ந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் பத்தே நிமிஷத்துல கண்ணு சொக்கிடுது. உலகமே நல்ல படம்னு சொல்லுது, எனக்குத்தான் கொடுத்து வைக்கல. ஆனா உங்க பொண்ணு பேசினா ராத்திரி முழுக்க முழிச்சிருப்பேன், சார். அது மட்டும் சத்தியம்.”

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஃபிரேமை அவன் மூக்கிலிருந்து கழற்றினார், அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். கழுத்தைப் பிடித்துத் தள்ளாமல் கையைப் பிடித்தாரே, அதுவரைக்கும் மரியாதைதான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வெளியே கவுன்ட்டரில் அவர் மனைவி ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் சுவர் முழுக்க அந்தப் படத்தின் போஸ்டர். பக்கத்தில் மகள் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலுக்கு வந்திருந்தாள்.

“என்னங்க, இவராவது தேறினாரா?”

“இவர்தாம்மா மாப்பிள்ளை!” கடைக்காரர் போட்ட சத்தத்தில் கண்ணாடி அலமாரிகள் அதிர்ந்தன. “அந்தப் படத்தைப் பத்தி இந்த அளவுக்கு மனசைத் தொறந்து என்கிட்ட யாருமே பேசினதில்ல!”

மகள் குதித்த குதியில் ஃபிரேம் ஸ்டாண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அப்பாவைக் கட்டிக்கொண்டாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள், கண் பரிசோதனைக்கு வந்திருந்த யாரோ ஒரு அம்மாளையும் விடவில்லை. மெக்கானிக்குக்கோ அழுவதா சிரிப்பதா என்றே புரியவில்லை.

வருங்கால மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்ப இன்னிக்கே கடையைச் சீக்கிரம் மூடிட்டு நாலு பேரும் சேர்ந்து பார்த்துடலாம். நடுவுல ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது, ஆமா!”

மெக்கானிக்கின் சந்தோஷம் வந்த வழியே திரும்பிப் போனது. மெல்ல நகர்ந்து கடைக்காரரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

“மாமா, உங்ககிட்ட சொன்னேனே, நான் தூங்கிடுவேன்...”

அவர் அவனை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டு காதில் கிசுகிசுத்தார்.

“நீங்களாவது பத்து நிமிஷம் தாங்குறீங்க, மாப்பிள்ளை. இத்தனை வருஷத்துல நான் அஞ்சைத் தாண்டினதே இல்ல!”