இரண்டாம் பிரதி

பட்டாபி இரும்பு அலமாரியைத் திறந்து இரண்டாவது டிஸ்க்கை இரண்டு கைகளாலும் வெளியே எடுத்தார்.

இட்லித் தட்டுகளை அடுக்கி மேலே மூடி போட்டதுபோல இருக்கும் அது. கனமும் கொஞ்சநஞ்சமில்லை. பதினோராயிரம் பேர் எழுதிய குமாஸ்தா பரீட்சையின் ராங்க் பட்டியல் இப்போது உலகத்தில் அந்த ஒன்றில் மட்டும்தான் இருந்தது.

முதல் டிஸ்க் போய் இன்னும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காலையில் கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழைக்கு இதெல்லாம் புதிதில்லை. மூன்றாம் முறை வந்த கரண்ட் மட்டும் சும்மா வரவில்லை. கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் சுழற்றிப் படிக்கும் டிரைவ் இரண்டில் ஒன்று கருகிப் போயிற்று. இன்னொன்று, சிலேட்டில் ஆணியால் கீறினதுபோலக் கத்திவிட்டு, உள்ளே சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க்கை வழித்தெடுத்துவிட்டது.

காகிதத்தில் ஏதாவது உண்டா என்றால், இல்லை. மதிப்பெண் துளையிட்ட அட்டைகளையும் விடைத்தாள்களையும் சாலைக் கடைத்தெருவில் போன வாரமே எடைக்குப் போட்டாயிற்று. டிஸ்க்கில் ஏற்றி, அதற்கு ஒரு பிரதியும் எடுத்து வைக்கப்போகிற காலத்தில் இந்தக் குப்பை எதற்கு என்று மேலதிகாரி சத்தியநேசன் கையெழுத்துப் போட்டிருந்தார். பட்டியலை அச்சடிப்பதும் இன்று பிற்பகல் செயலாளர் வந்து முன்னால் நின்ற பிறகுதான் என்று உத்தரவு.

பிரதியும் போனால் எல்லோருக்கும் மறுபரீட்சைதான் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஒரு டிஸ்க்கைக் கீறிய டிரைவில் இன்னொன்றை வைக்கக் கூடாது. தகட்டைப் படிக்கும் முனை வளைந்திருந்தால் அடுத்து வருவதையும் அது உழுதுவிடும். மதராஸிலிருந்து இன்ஜினியர் வந்து திறந்து பார்க்கும்வரை தொடாதே. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவரே பட்டாபிதான்.

இன்ஜினியர் வருவது நாளைக் காலை மெயில் ரயிலில்.

பட்டாபியின் உயிரும் அந்தப் பரீட்சையில்தான் கிடந்தது. தங்கை சாவித்ரி எழுதியிருந்தாள். புருஷன் விட்டுப் போய் ஆறு வருஷம். இரண்டு பெண்களோடு வலியசாலையில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறாள். மன்னி லலிதாம்பாள் அவளுக்கு ஊற்றும் காப்பியில் டிகாஷனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் வேறு பரீட்சை கிடையாது, வேறு வீடும் கிடையாது.

அவர் டிஸ்க்கோடு டிரைவ் முன்னால் வந்து நின்றார்.

சத்தியநேசனுக்கு மேலிடத்திலிருந்து போன் மேல் போன். நாலு மணிக்குப் பட்டியல் வேண்டுமாம். அவர் சுவரில் ஒட்டியிருந்ததை ஒரு தடவை படித்தார். பிறகு பட்டாபியின் முகத்தைப் பார்த்தார்.

“வச்சிப் பாக்கலாமா பட்டாபி? நீரு ஒரு வார்த்தை சொன்னா மதி.”

இந்த மனிதர் இதுவரை யாரிடமும் யோசனை கேட்டதில்லை. நாளைக்குப் பார்க்கலாம் சார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அந்த நேரம் வந்து, அவர் முன்னால் நின்று, போயும் போய்விட்டது.

“வைக்கலாம் சார்.”

கதவருகே தாசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். விழிஞ்ஞத்துக்காரி. அட்டையில் துளையிடும் மிஷினில் தற்காலிக வேலை. இந்த மாதக் கடைசியோடு அதுவும் முடிகிறது. இரண்டு வருஷமாகச் சோற்றுப் பொதியை ஒரு கையிலும் புத்தகத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு படித்து, அவளும் அதே பரீட்சையை எழுதியிருந்தாள்.

பட்டாபி டிஸ்க்கை உள்ளே இறக்கி, கைப்பிடியைத் திருகி, மூடியை அடைத்தார். பொத்தானை அழுத்தினார். தகடுகள் சுற்ற ஆரம்பித்தன. வேகம் கூடியது.

அதே சத்தம் கேட்டது.

சத்தியநேசன் போனை எடுத்தார். கொஞ்ச நேரம் ‘சார், சார்’ என்பதைத் தவிர அவரிடமிருந்து வேறு சொல் வரவில்லை. கீழே வைத்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. எழுதிய அத்தனை பேரும் மறுபடி எழுத வேண்டும். இடையில் வயது தாண்டினாலும் பாதகமில்லை, பழைய ஹால் டிக்கெட்டே செல்லும்.

பட்டாபி நாற்காலியில் உட்கார்ந்தார். தன்மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று யாரோ முணுமுணுத்தார்கள். தங்கைமேல் உள்ள பாசம் மனுஷனின் கண்ணை மறைத்துவிட்டது, பாவம், என்றார் இன்னொருவர். ஒருவரும் அவரைத் திட்டவில்லை.

தாசம்மாள்தான் ஒரு டம்ளரில் சீரகத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தாலும் குரல் சரியாகவே இருந்தது.

“போட்டும் சார், வெசனப்படாதீங்க. ஒங்க தங்கச்சியும் நானும் இன்னொருக்க எழுதுனா போச்சு.”

பட்டாபி நிமிராமல் டம்ளரை வாங்கிக் குடித்தார்.

இரண்டு பேரின் மனுவையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். எண்களும் அடுத்தடுத்து வந்திருந்தன. நேற்றுச் சாயங்காலம் பட்டியல் தயாரானதும், அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, திரையில் சாவித்ரியின் எண்ணைத் தேடினார். மேலிருந்து கீழே மூன்று முறை தேடினார். அது எங்கேயும் இல்லை.

தாசம்மாளின் எண் ஒன்பதாவதாக இருந்தது.