தினம் ஒரு படம்

வத்சலாவின் செல்போனுக்குக் காலையில் ஒரு வேலை உண்டு. அவள் அதைத் தூக்கி வீட்டில் ஏதாவது ஒன்றைப் படம் எடுப்பாள். பல் தேய்க்கும் மகன், செருப்பைத் தேடும் கணவர், தட்டில் ஆறிப்போகும் உப்புமா. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"இந்த வீடே எனக்குள்ளதான் இருக்கு" என்று செல்போன் பீற்றிக்கொள்ளும்.

அவளோடு சீராக வந்த எவர்சில்வர் குடத்துக்கு அது பொறுக்காது. "அதுல அவ இருக்காளா?"

"அவங்கதானே எடுக்கறாங்க!"

"நல்லாருக்குடா நியாயம். பரிமாறினவ சாப்பிட்டாளான்னு எவன் கேட்டான்?"

'நீ நில்லு, நான் எடுக்கிறேன்' என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஆடியில் மூன்று நாள் காய்ச்சலில் வத்சலா போய்விட்டாள். மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று அப்பாவும் மகனும் செல்போனைக் குடைந்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். ஒன்றிலும் அவள் இல்லை.

செல்போனுக்கு உடம்பு சுட்டது. "அக்கா, ஏதாவது வழி சொல்லேன்" என்று குடத்திடம் கெஞ்சியது.

"அந்த உப்புமா படத்தைக் காட்டு. பின்னால நான் நிக்கிறேன். என் மேல அவ தெரிவா."

செல்போன் அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. மகன் விரலால் பெரிதாக்கினான். குடத்தின் பளபளப்பில் நைட்டி தெரிந்தது. தோளில் துண்டு தெரிந்தது. உயர்த்திய இரண்டு கைகளும் தெரிந்தன.

முகம் இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு செல்போன் நின்றது.