கத்தி யார் கையில்?

"கூர் பத்தாது" என்றார் டாக்டர் தங்கபாண்டியன். அறுவைக் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதுகெலும்புச் சோலிக்கு இதை வச்சு என்னத்தைக் கிழிக்க? மறுபடி தீட்டச் சொல்லு."

"ரெண்டு தடவை தீட்டியாச்சுங்கய்யா" என்றாள் அவருடைய உதவி டாக்டர் ஜெயபாக்கியம்.

1923, சித்திரை மாதம். போடியில் தங்கபாண்டியன் சொந்தமாக நடத்திய ஆஸ்பத்திரியின் ஓடுகள் காலையிலேயே சுடத் தொடங்கிவிட்டன. மலையிலிருந்து இறங்கிய டோலி ஒன்று, திரை மூடியபடி வாசலில் நின்றது.

முதுகுத் தண்டை ஒரு கட்டி அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்காமல் விட்டால் இரண்டு காலும் போய்விடும். எடுக்கும்போது நெஞ்சு நின்றால் உயிரே போய்விடும்.

கம்பவுண்டர் பேச்சிமுத்து கைக்கு ஒரு பாட்டிலாக நடுவில் நின்றான். வலது கையில் குளோரோபாரம், இடது கையில் ஈதர்; இரண்டும் மயக்க மருந்து.

"எந்தப் பாட்டிலுன்னு சொல்லிட்டீங்கன்னா இன்னொண்ணை இறக்கி வச்சுருவேன். கை வலிக்குது."

"குளோரோபாரம்!"

"ஈதர்."

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. பேச்சிமுத்து இரண்டு பாட்டிலையும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்மா, மதராஸ்ல நாலு புஸ்தகம் படிச்சுட்டு வந்துட்டா எனக்குப் பாடம் எடுப்பியா?" தங்கபாண்டியனின் கோட்டுப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது. "குளோரோபாரம் கொடுத்தா ரத்த அழுத்தம் இறங்கும். ரத்தம் கம்மியா வரும். கத்தி போற இடம் பளிச்சுன்னு தெரியும். ஈதர்ல அழுத்தம் இறங்குமா? ரத்தம் கொப்பளிக்கும். தண்டுக்குப் பக்கத்துல குருட்டாம்போக்குல வெட்ட முடியுமா?"

"ரத்தம் வந்தா பஞ்சை வச்சு அமுக்கிப் பிடிக்கலாம். நின்னு போன நெஞ்சை எதை வச்சுங்கய்யா பிடிக்கிறது?"

"என் கையில எந்த நெஞ்சும் நின்னதில்ல!"

"சோணை?"

பேச்சிமுத்து தரையைப் பார்த்தான்.

"போன ஐப்பசியில சோணை முதுகைத் திறந்தப்ப அழுத்தம் பார்த்தது நான்தான்" என்றாள் ஜெயபாக்கியம். "பாதரசம் நூத்திப் பத்துல நின்னுச்சு. இன்னும் சொட்டு விடுன்னீங்க. எண்பதுக்கு வந்துச்சு. ரத்தமே இல்ல பாரு, எம்புட்டுச் சுத்தம்னு சிரிச்சீங்க. அடுத்தாப்ல அறுபது. அதுக்கப்புறம் கையில கட்டின அழுத்தப் பட்டைக்கு அடியில நாடிச் சத்தமே கேக்கலை."

"அது அவன் விதி."

"விதி இல்லங்கய்யா. சொட்டு."

தங்கபாண்டியன் ஜன்னல் கட்டையில் முழங்கையை அழுத்தி ஊன்றிக்கொண்டார். அவருடைய இடது கால் செருப்பு எப்போதோ கழன்று ஓரடி தள்ளிக் கிடந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"சரி, உன் வழிக்கே வர்றேன்" என்றார், கேலியாக. "சித்திரை வெயில்ல போடியில ஈதர் பாட்டிலைத் திறந்து பாரு. மூக்குக்குப் போறதுக்குள்ள பாதி ஆவியாப் போயிரும். உன் புஸ்தகத்துல அதை எழுதலையோ?"

"அதான் மேல போறோம்."

"எங்க?"

"போடிமெட்டுக்கு. அந்தக் குளிர்ல ஈதர் சொன்னபடி கேக்கும். ஏலக்காய் மூட்டை அடுக்குற கிட்டங்கி ஒண்ணு காலியாக் கிடக்கு. கழுவி, சுண்ணாம்பு அடிச்சாச்சு. ஈதர்ல தீப்பிடிச்சிரக் கூடாதுன்னு அடுப்பு கிடையாது, விளக்கு கிடையாது. பட்டப்பகல் வெளிச்சம் மட்டுந்தான்."

"மேசை?"

"அடுத்த ரூமை எட்டிப் பாருங்க. நேத்து ஏலக்காய் இறக்கிட்டுத் திரும்பின பொதிமாடுக மேல, கழட்டி ஏத்தி விட்டுட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா விட்டிருப்பீங்களாக்கும்?"

வாசல் நிழலாடியது. டோலி தூக்கிகளின் தலைவர் மொக்கச்சாமி தலையை நீட்டினார். மலையேற்றும் ஆளின் எடையை வாய்விட்டுக் கேட்பது அவர்களிடம் வழக்கமில்லை. கண்ணால் அளப்பதோடு சரி. மொக்கச்சாமி அறைக்குள் ஒருமுறை கண்ணை ஓட்டினார்.

"தாயி, நாலு பேரு பத்தாது. இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கிறேன். வெயில் ஏறுது, வெரசாக் கிளம்புனா நல்லது."

"கூப்பிடுங்கண்ணே. இந்தா வந்துட்டோம்."

தங்கபாண்டியனின் முகம் சிவந்தது. "யாரும் எங்கயும் போகலை! பேச்சிமுத்து, அந்த ஈதரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில ஊத்து!"

பேச்சிமுத்து ஜெயபாக்கியத்தைப் பார்த்தான். அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்; குளோரோபாரத்தை மட்டும் மெதுவாகத் தரையில் வைத்தான்.

"பதினெட்டு வருசமா என் சோத்தைத் தின்னுட்டு நீயுமாடா?"

"சோணைக்குச் சொட்டு விட்டது என் கைதான்யா" என்றான் பேச்சிமுத்து. ஈதர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

தங்கபாண்டியன் கத்தியை ஓங்கிக் காட்டினார். "இது என் ஆஸ்பத்திரி! இங்க இருபது வருசமா ஒரே சட்டந்தான். அறுக்கும்போது கத்தி யாரு கையில இருக்கோ, அவங்க வச்சதுதான் சட்டம்! இது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றாள் ஜெயபாக்கியம். அவர் முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"அப்ப கத்தியை என்கிட்டக் கொடுத்துட்டு, வாசல்ல காலியா நிக்கிற டோலியில போய்க் குப்புறப் படுங்க, டாக்டரய்யா."