வழிவிடும் கார்

கோவைப் பந்தயத் தளத்தில் ஓட்டுநர்கள் இல்லாமல் போய்ப் பல வருடமாகிவிட்டது. ஒவ்வொரு காரும் ஒரு வீட்டில் ஓராண்டு வளர்ந்து, வளர்த்தவரின் குணத்தைப் படித்துக்கொண்டுதான் தடத்தில் இறங்கும். துளசிமணி வளர்த்த சிவப்புக் காரோ, பின்னால் யார் வந்தாலும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. இன்றைக்கும் கடைசியாக வந்தால் அதைக் கழற்றி உதிரிபாகமாக்கிவிடுவார்கள்.

"ஏனுங்க்கா, கார் வளர்த்தீங்களா, மருமகள வளர்த்தீங்களா?" என்று பக்கத்துக் கொட்டகையிலிருந்து ரங்கநாயகி சிரித்தாள்.

துளசிமணிக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஒருநாளாவது அவள் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாளா? கார் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தது.

பந்தயத்துக்கு முன் கணவர் பழனிச்சாமி சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துவைத்து, வழக்கம்போல் தட்டை நீட்டினார். காரின் கேமரா மெல்ல அவர்கள் பக்கம் திரும்பியது.

"இருங்க மாமா, நான் மொதல்ல சாப்ட்டுக்கறேன்."

"ஏங்கண்ணு, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பதில் சொல்ல அவள் வாய் காலியாக இல்லை.

அன்று சிவப்புக் கார் ஒருவருக்கும் ஒதுங்காமல் முதலாவதாக வந்து நின்றது. கேரியரில் ஒரே ஒரு கறித்துண்டு மிச்சமிருந்தது. பழனிச்சாமி கையை நீட்டினார். துளசிமணி காரைப் பார்த்தாள். அடுத்த வாரம் இறுதிப் போட்டி. துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.