சுவரில் ஒட்டிய கவிதை

1987. தாம்பரத்தில் எங்கள் கல்லூரியின் மாதிரி நீதிமன்றம். விடுதி வார்டனைக் கிண்டல் செய்து சுவரில் கவிதை ஒட்டியிருந்தான் மாணவன் சிட்டிபாபு. அது பேச்சுரிமையா, அவதூறா? தோற்றால் அவன் விடுதியைக் காலி செய்ய வேண்டும். ஆசிரியர், மாணவர் எல்லார் பெயரையும் போட்டுச் சீட்டுக் குலுக்கியதில் அவனுக்காக வாதாடும் வேலை என் தலையில் விழுந்தது.

நீதிபதி நாற்காலியில் பேராசிரியை யூனிஸ்.

"பேச்சுரிமைக்கும் எல்லை உண்டு. ஹாஸ்டல் பாலை வார்டன் திருட்டுத்தனமா குடிக்கறார்னு எழுதியிருக்கானே, பொய்தானே?"

"உண்மைன்னா அவதூறு ஆகாதே, யுவர் ஆனர்!"

"ஆதாரம்?"

வாதாடும் வேகத்தில் முழங்கினேன். "நேர்ல பார்த்த சாட்சி இருக்கு! ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னு, சத்தம் வராம ஆத்தி, தினமும் ரெண்டு டம்ளர் குடிப்பார்!"

அரங்கம் அதிர்ந்தது. என் வாழ்நாளில் அப்படியொரு கைதட்டல் வாங்கியதில்லை. சிட்டிபாபு விடுதலை. எனக்குச் சிறந்த வழக்கறிஞர் பரிசு.

மேடையிலிருந்து இறங்கியதும் அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். பால் விஷயம் நெஜமாவே எனக்குத் தெரியாது. எதுகை வரணும்னு சும்மா எழுதினேன். என்னை ஹாஸ்டலை விட்டு அனுப்பிட மாட்டீங்களே, வார்டன் சார்?"