நாலு அங்குலம்

“நாலு இன்ச் ஒசத்துனா, வண்டி வளைவுல குடை சாஞ்சிடும் சார். அப்புறம் சொல்லலன்னு சொல்லக்கூடாது.”

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான் எழில். பெருங்களத்தூரில் ஜீப்புகளை உயர்த்திக் கட்டித் தரும் பட்டறை அவனுடையது. சிறுசேரி கம்ப்யூட்டர் பையன்கள் மலையேறப் போவதாகச் சொல்லி வண்டியை உயர்த்திக்கொண்டு போவார்கள். மூன்றாம் மாதம், ஆபீஸ் பார்க்கிங்கில் கூரை இடிக்கிறது, இறக்கிக் கொடுங்கள் என்று வந்து நிற்பார்கள். அதனால் யார் வந்தாலும் வேண்டாம் என்பதுதான் அவன் முதல் வார்த்தை.

எதிரே நின்ற ஏசுதாசனுக்கு அறுபது தாண்டியிருக்கும். அனகாபுத்தூர்க்காரர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏலத்தில் எடுத்த நீளமான பழைய ஜீப்பைத் தானே ஓட்டி வந்திருந்தார்.

“வளைவுல மெதுவாத்தான் போவேன், தம்பி. இது அவசரமாப் போக வேண்டிய வண்டி இல்ல.”

“மைலேஜ் அடி வாங்கும். ஸ்டீரிங் கனமாயிடும். உங்க தோள்பட்டை தாங்காது.”

“தாங்கும்.”

“ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க சார்.”

“எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிட்டேன். எதுக்குன்னு சொன்னேன். யாரும் மறுக்கல.”

மனிதர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். எழிலுக்கு எரிச்சலும் வந்தது, ஆர்வமும் வந்தது.

“அப்டி எங்க சார் போப்போறீங்க, இவ்ளோ ஒசரத்துல?”

“எங்க தெருவுக்குள்ளதான்” என்றார் ஏசுதாசன். “ஏரியைத் தொறந்து விட்டா, அடையாத்துத் தண்ணி எங்க தெருவுல இடுப்பளவு நிக்கும். போன வெள்ளத்துல என் சம்சாரம் கிறிஸ்டினா ரெண்டு நாள் வீட்டுக்குள்ளயே இருந்தா. கூப்பிட்ட வண்டி எல்லாம் தெருமுனையோட திரும்பிடுச்சு.”

“படகு வந்திருக்குமே?”

“வந்துச்சு. அவளுக்கு எடம் இல்லன்னுட்டாங்க.”

எழிலுக்குச் சுருக்கென்றது. “இன்னா மனுஷங்க சார்? முடியாதவங்கள அப்டியே வுட்டுட்டா போவாங்க?”

“அவங்களைத் தப்பு சொல்லக்கூடாது, தம்பி. எதிர்வீட்டுல கைக்குழந்தை இருந்துச்சு. நான் அவங்க எடத்துல இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.”

அதற்குமேல் வேண்டாம் என்று சொல்ல எழிலுக்கு மனம் வரவில்லை. பெரிய டயர் போடலாம் என்றான். இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல், காற்று இழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்றான். ஏசுதாசன் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“பின்சீட்டைக் கழட்டிடு. நடுவுல ஒருத்தர் படுத்து வர்ற மாதிரி ஆறரை அடிக்கு ஒரு பலகை. ரெண்டு ஓரமும் கூட வர்றவங்க உட்கார பெஞ்சு.”

“படுத்துகினு வர்றாங்களா? அப்ப நாலு வேணாம் சார். ரெண்டு இன்ச் ஒசத்தி, மெத்துன்னு ஸ்பிரிங் போட்டுத் தரேன். நாலுக்குக் கெட்டி ஸ்பிரிங்தான் நிக்கும். ஒவ்வொரு பள்ளத்துலயும் ஆளைத் தூக்கிப் போடும்.”

“ரெண்டு இன்ச்ல இடுப்பளவுத் தண்ணியத் தாண்டுமா?”

“கஷ்டம்.”

“அப்போ நாலே போடு. குலுக்கல் பரவாயில்ல.”

“ஏறவே முடியாது சார். ஒடம்புக்கு முடியாதவங்க அவ்ளோ ஒசரம் எப்டி ஏறுவாங்க?”

“நாலு பேர் தூக்கி ஏத்திடுவாங்க.”

எழிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் தாண்டினால் போதுமாம், உள்ளே கிடப்பவர் என்ன பாடுபட்டாலும் கவலையில்லையாம். இவரிடம் அந்த அம்மா எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று தோன்றியது.

“இதுல படுத்துகினு வரப்போறது நீங்க இல்லியே சார். வூட்ல அம்மாவ ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

ஏசுதாசன் ஜீப்பின் பின்பக்கத்தைக் கையால் தட்டினார்.

“அவளும் நாலுன்னுதான் சொல்லியிருப்பா” என்றார். பிறகு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். “வேலை முடிஞ்சதும் பெயின்டரை வச்சு, ரெண்டு பக்கமும் இதை எழுதிடு தம்பி. தூரத்துலருந்தே தெரியணும்.”

ஏதாவது வேத வசனமாக இருக்கும் என்று வேண்டாவெறுப்பாகப் பிரித்தான் எழில். பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது:

‘கிறிஸ்டினா நினைவு இலவச அமரர் ஊர்தி. தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வரும்.’