கணக்கப்பிள்ளை மாற்றி வைத்த புத்தகம்

ரத்தினம்மா பீலிக் குழாயில் கொட்டிய தண்ணீரில் கால் கழுவக் குனிந்த நேரத்துக்குள் கணக்கப்பிள்ளை சுந்தரலிங்கம் வேலையை முடித்துவிட்டார்.

அவள் பையில் சிவப்புத் துணி சுற்றிய வேதப்புத்தகம் இருந்தது. இப்போது அந்தத் துணிக்குள் இருப்பது அவர் வீட்டுப் பஞ்சாங்கம்.

வேதப்புத்தகம் அவருடைய கோட்டுக்குள்.

ஞாயிறு தவறாமல் வத்தேகமவிலிருந்து நடந்தே வந்து, பன்வில தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டுப் பெண்களை உட்காரவைத்து இயேசு சாமி கதை வாசிப்பாள் அந்த அம்மா. துரை அனுமதி கொடுத்திருந்ததால் விரட்டவும் வழியில்லை.

நாயை அவிழ்த்துவிட்டுப் பார்த்தார். அது அவள் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அவள் குரல் கேட்காதபடி தப்படிக்க ஆள் வைத்தார். அடிக்க வந்தவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்டான்.

இன்றோடு தீர்ந்தது. இத்தனை பேர் கைகொட்டிச் சிரித்தபிறகு எந்த முகத்தோடு அடுத்த ஞாயிறு வருவாள்?

ரத்தினம்மா துணியைப் பிரித்தாள். புத்தகத்தைத் திறந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நூறு ஆடு வைத்திருந்தவன் கதை. ஒன்று தொலைந்துபோகிறது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒன்றைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைகிறான்.

அவள் கண் வரிவரியாக நகர்ந்தது. நடுவில் விரலில் எச்சில் தொட்டு ஏடு புரட்டினாள். ராகுகாலமும் எமகண்டமும் அச்சடித்த பக்கத்திலிருந்து ஆட்டுக்குட்டி மேய்ப்பன் தோளில் ஏறி வீடு வந்து சேர்ந்தது.

சுந்தரலிங்கத்துக்கு முதலில் தலை சுற்றியது. பிறகு பளிச்சென்று விளங்கியது.

இவளுக்கு எழுத்தே தெரியாது!

இவ்வளவு பெரிய மீன் மாட்டும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

“ஏ பொம்பளைங்களா, அவ கையில இருக்கிறது பஞ்சாங்கம்! ஒரு எழுத்துத் தெரியாம இத்தனை நாளா உங்களை ஏமாத்தியிருக்கா!”

கோட்டுக்குள்ளிருந்து வேதப்புத்தகத்தை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார்.

ரத்தினம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சிரிப்பு எப்போது கிளம்பும் என்று அவர் காத்திருந்தார்.

பாப்பம்மாதான் முதலில் வாய் திறந்தாள். கங்காணி பெண்சாதி; இத்தனை நாளும் தன் வீட்டுக் கதவு நிலையைத் தாண்டி வராதவள்.

“அப்ப அம்புட்டையும் மனசுக்குள்ளயா வச்சிருக்கீங்க தாயி?”

கேட்டுக்கொண்டே வந்து முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பின்னால் நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள். இன்னொரு கதை சொல்லச் சொன்னார்கள். அது முடிந்ததும் இன்னொன்று. ரத்தினம்மா கையில் புத்தகமே இல்லாமல் மூன்று கதை சொன்னாள்.

தூக்கிய கையை எப்போது இறக்கினோம் என்று கணக்கப்பிள்ளைக்கே நினைவில்லை.

பொழுது சாய, பெண்கள் எழுந்து போனார்கள். ரத்தினம்மா அவரிடம் வந்து தன் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். பஞ்சாங்கத்தை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“இது போன வருஷத்துப் பஞ்சாங்கம் ஐயா. மாத்துறதுன்னா சித்திரையிலேயே மாத்தியிருக்கணும்ங்க.”